விதிமுறை ஆங்கிலம்: சென்னைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எழும்பூரிலோ தாம்பரத்திலோ வந்து நிற்கும் விரைவு ரயில்களில் அபாயச் சங்கிலி இருக்கும், பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கும். 'ரீசனபிள் அண்ட் சஃபிஷியன்ட் காஸ்' இல்லாமல் சங்கிலியை இழுத்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவு சொல்வது இது. 'ரீசனபிள்', 'சஃபிஷியன்ட்' ஆகிய இரண்டும் கடினமாகத் தெரியலாம். அகராதியைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்: ஏற்கத்தக்க, போதுமான. விதியின் கனம் அவற்றுக்கு நடுவில் நிற்கும் 'அண்ட்' என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. காரணம் ஏற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும், ஓடும் ரயிலை நிறுத்தும் அளவுக்குப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். செல்போன் ஜன்னல் வழியே விழுந்துவிட்டது என்பது உங்களுக்குப் பெரிய காரணம்தான். போதுமான காரணமாக அதை ஏற்க மாட்டார்கள். அதேபோல், சட்டத்தில் 'மே எக்ஸ்டெண்ட் டு ஒன் இயர்' என்று வந்தால் தண்டனையை நீட்டிப்பார்கள் என்று பொருளல்ல. அதிகபட்சம் ஓராண்டு, அவ்வளவுதான்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ சென்னைக்கு வருபவர்கள், பேச்சு ஆங்கிலத்தைவிட இந்த விதிமுறை ஆங்கிலத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பேச்சில் தவறினால் எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு சமாளித்துவிடுவார். வாடகை ஒப்பந்தத்திலோ வேலைக்கான ஆஃபர் லெட்டரிலோ ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் பணம் போகும். அதனால் இந்தச் சொற்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்யாமல், ஒரு விதியை எந்த வரிசையில் படிக்க வேண்டுமோ அந்த வரிசையில் கற்பதே நல்லது. கீழே வரும் சொற்களை ஒலிப்படி தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒரு முறை பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: இது யார் போட்ட விதி?

'ரூல்ஸ் அண்ட் ரெகுலேஷன்ஸ்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நிறைவேற்றுவது 'ஆக்ட்', அதாவது சட்டம். நிறைவேறும் வரை அது 'பில்', சட்டமுன்வடிவு. அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு பெரும்பாலும் அரசு வகுப்பவை 'ரூல்ஸ்'. சட்டத்தால் அமைக்கப்பட்ட ஆணையங்களும் வாரியங்களும் தங்கள் துறைக்கு வகுப்பவை 'ரெகுலேஷன்ஸ்'. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓர் ஆக்ட். அதன் கீழ் வந்த 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், ரூல்ஸ். கல்லூரி மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ராகிங். தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்தது 1997ஆம் ஆண்டு சட்டம். அதே விஷயத்தில் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்தது ரெகுலேஷன்ஸ்.

'ரெகுலேட்' என்ற வினை எதையும் தடைசெய்வதில்லை. வீட்டு ஃபேன் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஃபேனை நிறுத்துவதற்கா இருக்கிறது? வேகத்தை ஓர் அளவுக்குள் வைப்பதற்குத்தானே. ஆகவே 'ரெகுலேட்' என்றால் ஒழுங்குபடுத்து. 'ரெஸ்ட்ரிக்ட்' என்றால் நேரம், இடம், அளவு ஆகியவற்றைக் குறுக்கு. 'பேன்', 'ப்ரொஹிபிட்' என்றால் அடியோடு தடைசெய். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று 2018 முதல் தமிழக அரசு நேரம் குறித்துவருகிறதே, அது 'ரெஸ்ட்ரிக்ஷன்'. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் வந்தது 'பேன்'. பட்டாசைப் பற்றி வெளிமாநில நண்பரிடம் பேசும்போது 'க்ராக்கர்ஸ் ஆர் பேண்ட் இன் சென்னை' என்று சொன்னால் அது பிழையான செய்தி.

சட்டத்துக்குக் கீழே இன்னும் சில படிகள் உண்டு. 'ஜி.ஓ.' என்பது அரசாணை. மேலே சொன்ன பிளாஸ்டிக் தடை 2018 ஜூனில் அரசாணையாகத்தான் வந்தது. 'சர்க்குலர்' சுற்றறிக்கை. 'கைட்லைன்' வழிகாட்டு நெறி. பெயரிலேயே வழிகாட்டுதல் இருப்பதால் பொதுவாக விதியைவிட மெலிந்தது. 'பை-லா' என்பது அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் தமக்கென வகுத்துக்கொள்ளும் துணைவிதி. 'பாலிசி' என்றால் நிறுவனத்தின் கொள்கை. விடுதியின் சுவரில் ஒட்டியிருப்பது வெறும் 'ஹவுஸ் ரூல்ஸ்'. யார் போட்டது என்று தெரிந்தால்தான் யாரிடம் விலக்குக் கேட்கலாம் என்பது தெரியும். பத்து மணிக்குக் கதவைப் பூட்டும் விடுதி விதியை வார்டன் தளர்த்தலாம். சட்டத்தை அவர் தளர்த்த முடியாது.

இரண்டாம் படி: வேண்டும், கூடாது, வேண்டாம்

அதிகம் சறுக்கும் இடம் இது. சற்று நின்று படியுங்கள்.

தமிழில் 'வேண்டும்' ஒன்றே பல வேலை செய்கிறது. டீ வேண்டும், போக வேண்டும், பெரியவர்களை மதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் முதலாவது 'வாண்ட்', இரண்டாவது 'மஸ்ட்' அல்லது 'ஹாவ் டு', மூன்றாவது 'ஷுட்'. விதிகளில் 'மஸ்ட்', 'ஷேல்', 'இஸ் ரிக்வயர்ட் டு' மூன்றும் கட்டாயம். 'மேண்டேட்டரி', 'கம்பல்சரி' என்ற சொற்களும் அதே பலம் கொண்டவை. 'ஷுட்' பொதுவாக அறிவுரை. 'இஸ் சப்போஸ்ட் டு' சுவையான ஒரு தொடர்: விதி அப்படித்தான் இருக்கிறது, நடப்பு வேறாக இருக்கலாம் என்ற தொனி அதற்கு உண்டு. 'தி லிஃப்ட் இஸ் சப்போஸ்ட் டு வொர்க் டில் மிட்நைட்' என்றால், நள்ளிரவு வரை ஓட வேண்டும், ஆனால் ஓடுமா என்பது சந்தேகம்.

எதிர்மறைக்கு வருவோம். 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. 'டோன்ட் ஹாவ் டு', 'நீட் நாட்' என்றால் தேவையில்லை. தமிழில் 'வேண்டாம்' இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. 'நாளைக்கு வர வேண்டாம்' என்பது வந்தாலும் பரவாயில்லை என்ற பொருளிலும் வரும், வராதே என்ற பொருளிலும் வரும். குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கில எழுத்தில் குரல் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவரிடம், அலுவலகத்திலேயே மதிய உணவு உண்டு, கட்டிக்கொண்டு வரத் தேவையில்லை என்று சொல்ல நினைத்து 'யூ மஸ்ட் நாட் பிரிங் லன்ச்' என்று மெயில் அனுப்பினால், சாப்பாடு கொண்டுவருவதே குற்றம் என்றாகிவிடும். 'யூ டோன்ட் ஹாவ் டு பிரிங் லன்ச்' என்பதே சரி. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் ஒரு வாரம் விடாமல் பழகினாலே பாதிப் பிழைகள் போய்விடும்.

இன்னொன்று: 'மஸ்ட்' என்பதற்கு இறந்தகாலம் இல்லை. நேற்று அபராதம் கட்ட வேண்டியிருந்தது என்பதற்கு 'ஐ ஹாட் டு பே எ ஃபைன்'. 'ஐ மஸ்ட் ஹாவ் பெய்ட்' என்றால் கட்டியிருப்பேன் போலிருக்கிறது என்று பொருள் மாறிவிடும்.

'மே' என்பது 'லாம்'. யாருக்கு 'லாம்' என்று பாருங்கள். 'தி டெனன்ட் மே' என்றால் குடியிருப்பவருக்கு உரிமை. 'தி மேனேஜ்மென்ட் மே' என்றால் நிர்வாகத்துக்கு அதிகாரம். செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம், நீங்கள் கேள்வி கேட்க இடம் குறைவு. 'அட் தி சோல் டிஸ்க்ரீஷன் ஆஃப்' என்ற தொடர் வந்தால் அந்த அதிகாரம் இன்னும் இறுகுகிறது. முடிவு முழுக்க அவர்கள் கையில் என்று அர்த்தம்.

'ஷேல்' வந்தாலும் எழுவாயைத் தேடுங்கள். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கேட்ட தகவலை 30 நாளுக்குள் தர வேண்டும் என்று வரும் 'ஷேல்' உங்கள் தலையில் விழுவதல்ல, அதிகாரியின் தலையில் விழுவது. ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் அந்த 30 நாள் 48 மணி நேரமாகச் சுருங்குகிறது. எதிர்த்தரப்பு மேல் விழும் ஒவ்வொரு 'ஷேல்' உங்களுக்கு ஓர் உரிமை. விதி என்றாலே நம்மைக் கட்டிப்போடுவது என்று நினைத்துப் படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: ஒரு விதியைப் பிரித்துப் படிப்பது

ஹெல்மெட் விதியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின் உள்ள வடிவம். ஆறு துண்டுகளாக உடைத்தால் போதும்.

'எவ்ரி பெர்சன், அபவ் ஃபோர் இயர்ஸ் ஆஃப் ஏஜ்': யாருக்கு? நான்கு வயதைக் கடந்த எல்லோருக்கும். 'டிரைவிங் ஆர் ரைடிங் ஆர் பீயிங் கேரிட்': ஓட்டுபவருக்கு மட்டுமா? இல்லை, பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும். 'பீயிங் கேரிட்' என்ற இரண்டு சொல்லைக் கவனிக்காததால்தான் பின்சீட்டுக்குப் பொருந்தாது என்ற வாதம் இன்னும் கேட்கிறது. 'ஷேல்': கட்டாயம். 'இன் எ பப்ளிக் ப்ளேஸ்': எங்கே? பொது இடத்தில். 'வேர் ப்ரொடெக்டிவ் ஹெட்கியர்': இந்த வாசகத்தில் ஹெல்மெட் என்ற சொல் இல்லை, தலைக்கவசம் என்றுதான் இருக்கிறது; ஹெல்மெட் என்ற சொல் பிரிவின் கடைசியில் உள்ள விளக்கத்தில்தான் வருகிறது. 'கன்ஃபார்மிங் டு சச் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ் மே பி ப்ரிஸ்க்ரைப்ட்': எந்தத் தரம் என்பதை இந்தப் பிரிவு சொல்லாது, விதிகளில் போய்ப் பார்க்க வேண்டும். 'ப்ரிஸ்க்ரைப்ட்' என்றால் மருந்துச் சீட்டு நினைவுக்கு வரும். சட்டத்தில் அதன் பொருள் 'விதிகளில் வகுக்கப்பட்ட'.

பிரிவின் பின்பகுதியில் 'ப்ரொவைடெட் தட்' என்று ஒரு வாசகம் தொடங்குகிறது. 'ப்ரொவைட்' என்றால் கொடு என்று படித்திருப்பீர்கள். இங்கே அது 'ஆனால், இன்ன சூழலில் பொருந்தாது' என்று சொல்லும் விலக்கின் வாசல். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்பது அப்படித்தான் வருகிறது. அதற்கும் கீழே விளக்கம்: தலைக்கவசம் என்பது வாரால் தலையோடு இறுகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும், 'செக்யூர்லி ஃபாசன்ட்'. வாரைப் பூட்டாமல் தொப்பி போல வைத்துக்கொண்டவரும், கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுபவரும் விதியைப் பின்பற்றியவர்கள் ஆக மாட்டார்கள்.

தண்டனை இதே பிரிவில் இருக்காது. அது 194-டி என்ற வேறு பிரிவில் இருக்கிறது: ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கத் தகுதியிழப்பு. 'டிஸ்குவாலிஃபைட்' என்ற சொல்லை விளையாட்டில் கேட்டிருப்பீர்கள், அதே பொருள்தான். அந்தப் பிரிவில் 'ட்ரைவ்ஸ்' என்பதோடு 'காசஸ் ஆர் அலௌஸ்' என்றும் வருகிறது. ஓட்டியவர் மட்டுமில்லை, ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட விட்டவரும் அகப்படுவார்.

எந்த விதியையும் இப்படியே பிரிக்கலாம்: யார், எப்போது எங்கே, கட்டாயமா அனுமதியா தடையா, என்ன செய்ய, எப்போது விலக்கு, மீறினால் என்ன. நோட்டில் ஒரு பக்கத்தில் கோடு போட்டு, இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு அதன்பின் கையெழுத்துப் போடுங்கள். பதில் இல்லாத கட்டம் எதுவோ, அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

நான்காம் படி: தேதியும் விலக்கும்

'பை', 'டில்', 'வித்தின்' மூன்றையும் கலந்துவிடக் கூடாது. 'பை தி ஃபிஃப்த்' என்றால் ஐந்தாம் தேதிக்குள் எப்போதாவது ஒரு முறை. 'டில் தி ஃபிஃப்த்' என்றால் ஐந்தாம் தேதி வரை தொடர்ந்து. வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்பதற்கு 'ஐ வில் ஃபினிஷ் இட் டில் ஃப்ரைடே' என்பது தவறு, 'பை ஃப்ரைடே'. 'வித்தின் ஃபைவ் டேஸ்' என்றால் ஐந்து நாளுக்குள். எந்த நாளிலிருந்து எண்ணுவது, விடுமுறை சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'ஒர்க்கிங் டேஸ்' என்று போட்டிருந்தால் விடுமுறை சேராது. 'ஆன் ஆர் பிஃபோர்' வந்தால் அந்தத் தேதியும் சேர்த்தி. 'ப்ரையர் நோட்டீஸ்' முன்கூட்டியே தரும் அறிவிப்பு. 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' இன்ன நாள் முதல் அமலுக்கு.

எண்களிலும் அதே கவனம். 'நாட் எக்ஸீடிங்' மிகாமல், 'நாட் லெஸ் தேன்' குறையாமல். ஒலி மாசு குறித்த 2000ஆம் ஆண்டு விதிகளில், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் 'குறையாத' பரப்பு அமைதி மண்டலம். 'குறையாத' என்றால் குறைந்தபட்சம் அவ்வளவு. 100 மீட்டரோடு நின்றுவிட வேண்டும் என்று பொருளல்ல.

'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. அதோடு இன்னொரு 'நாட்' சேர்ப்பது தமிழிலிருந்து வரும் பழக்கம், ஏனென்றால் நாம் 'டிக்கெட் இல்லாவிட்டால்' என்று எதிர்மறையை வினையில் வைக்கிறோம். 'யூ கான்ட் என்டர் அன்லெஸ் யூ ஹாவ் எ டிக்கெட்' என்பதே போதும். 'அன்லெஸ் யூ டோன்ட் ஹாவ்' என்றால் டிக்கெட் இல்லாதவர்தான் உள்ளே போகலாம் என்றாகும்.

'சப்ஜெக்ட் டு' என்றால் 'உட்பட்டு'. உங்கள் வேலை 'சப்ஜெக்ட் டு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்' என்றால், சரிபார்ப்பில் சிக்கல் வந்தால் வேலை நிலைக்காது. 'நாட்வித்ஸ்டாண்டிங்' எதிர்ப்பக்கம்: 'வேறெதில் என்ன சொல்லியிருந்தாலும்'. 'சேவ்' என்ற சொல் சட்டத்தில் காப்பாற்று, சேமி என்ற பொருளில் வராமல் 'தவிர' என்ற பொருளில் வரும். இதற்கு ஒரு பணமதிப்புள்ள உதாரணம்: 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமலானது. மாத வாடகையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் 'செக்யூரிட்டி டெபாசிட்' வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் அந்த வாசகம் தொடங்குவதே 'சேவ்' என்றுதான்: மாறாக ஓர் ஒப்பந்தம் இருந்தால் தவிர. ஆறு மாத டெபாசிட்டுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்று மடங்கு வரம்பு உங்களுக்கு உதவாமல் போகலாம். அந்த ஒரு சொல்லைக் கவனித்தவர் கையெழுத்துக்கு முன்பே பேரம் பேசுவார்.

சென்னையில் இந்தத் தொகையை 'அட்வான்ஸ்' என்கிறோம். ஆங்கில ஒப்பந்தத்தில் 'அட்வான்ஸ் ரென்ட்' என்றால் முன்கூட்டியே கட்டும் வாடகை என்றும் படிக்கலாம். 'ரீஃபண்டபிள் செக்யூரிட்டி டெபாசிட்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 'நார்மல் வியர் அண்ட் டியர் எக்ஸெப்டட்' என்ற தொடர் இருக்கிறதா என்றும் பாருங்கள். புழங்குவதால் வரும் இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்பது அதன் பொருள். வீட்டைக் காலிசெய்யும்போது பெயின்ட் செலவு குறித்துப் பேச்சு வந்தால் பற்றிக்கொள்ள அது ஒரு கொழுகொம்பு.

ஐந்தாம் படி: 'போடு' என்ற சொல்லை விட்டுவிடுங்கள்

தமிழில் விதி தொடர்பான வேலைகள் பெரும்பாலும் 'போடு' என்பதில் முடியும். சட்டம் போட்டார்கள், தடை போட்டார்கள், ஃபைன் போட்டார்கள், கேஸ் போட்டார்கள், கண்டிஷன் போட்டார்கள், கையெழுத்துப் போட்டேன், ஹெல்மெட் போட்டேன், லீவு போட்டேன். இதை 'புட்' ஆக்கி ஆங்கிலத்தில் சொல்வதுதான் சென்னை அலுவலகங்களில் மிகச் சாதாரணமாகக் காதில் விழும் பிழை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை உண்டு. சட்டத்தைப் 'பாஸ்' செய்வார்கள். தடையை 'இம்போஸ்' செய்வார்கள், அதன் பின்னால் 'ஆன்' வரும்: 'இம்போஸ்ட் எ பேன் ஆன் பிளாஸ்டிக்'. வழக்கை 'ஃபைல்' செய்வார்கள். ஆணையை 'இஷ்யூ' செய்வார்கள். நிபந்தனையை 'லே டவுன்' அல்லது 'செட்'. கையெழுத்துக்கு 'சைன்' மட்டும் போதும். ஹெல்மெட்டை 'வேர்'. விடுப்பை 'டேக்', விண்ணப்பிக்கும்போது 'அப்ளை ஃபார்'. எனக்கு ஃபைன் போட்டார்கள் என்பதற்கு 'ஐ வாஸ் ஃபைன்ட்' என்று செயப்பாட்டில் சொல்வதே இயல்பு. கட்டியதற்கு 'ஐ பெய்ட் தி ஃபைன்'.

'பெர்மிஷன் போட்டிருக்கேன்' என்பது தனிக்கதை. ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாக வருவதையோ சீக்கிரம் கிளம்புவதையோ இங்கே 'பெர்மிஷன்' என்கிறோம். வெளிநாட்டு மேலாளருக்கு அது புரியாது. 'மே ஐ கம் இன் ஆன் அவர் லேட் டுமாரோ?' என்று நேராகக் கேளுங்கள்.

'ரூல்ஸ்' தமிழுக்குள் ஒருமையாகவே குடியேறிவிட்டது: 'அது ஒரு ரூல்ஸ்'. ஆங்கிலத்தில் ஒன்று என்றால் 'எ ரூல்'.

பின்பற்றுவதும் மீறுவதும்

எளிமையானவை 'ஃபாலோ', 'ஒபே', 'ப்ரேக்'. பேச்சுக்கு இவை தாராளமாகப் போதும். எழுத்தில் வருபவை ஒட்டுச் சொல்லோடு சேர்ந்தே வரும், அதனால் ஜோடியாகவே மனதில் பதியுங்கள்: 'கம்ப்ளை வித்', 'அபைட் பை', 'அட்ஹியர் டு', 'கன்ஃபார்ம் டு'. 'கம்ப்ளை டு' என்பது தவறு. 'அலௌட் டு' என்றால் பின்னால் வெறும் வினை, 'ப்ரொஹிபிட்டட் ஃப்ரம்' என்றால் 'இங்' வடிவம்: 'அலௌட் டு பார்க்', 'ப்ரொஹிபிட்டட் ஃப்ரம் பார்க்கிங்'. விலக்குப் பெற்றவர் 'எக்ஸெம்ப்ட் ஃப்ரம்'. உரிமை உள்ளவர் 'என்டைட்டில்ட் டு'. பொறுப்பேற்க வேண்டியவர் 'லையபிள்'.

மீறலுக்கு 'வயலேட்', 'கான்ட்ரவீன்', 'பிரீச்' எல்லாம் உண்டு. 'பிரீச்' ஒப்பந்தத்தை மீறுவதற்கு அதிகம் வரும். 'ஃப்ளௌட்' என்றால் வேண்டுமென்றே, கண்ணெதிரே மீறுவது. செய்தித்தாள்களின் பிரியமான சொல். விதியை உடைக்காமல் கொஞ்சம் வளைத்துக் கொடுப்பது 'பெண்ட் தி ரூல்ஸ்'. விதியில் உள்ள ஓட்டை 'லூப்ஹோல்'. அபராதத்தைத் தள்ளுபடி செய்வது 'வெய்வ்'. கையசைப்பதும் அலையும் இதே ஒலிதான், எழுத்துக்கூட்டலில் இதற்கு மட்டும் 'ஐ' வரும்.

தெரிந்த சொல், தெரியாத பொருள்

சில சொற்கள் பழகிய முகத்தோடு வந்து ஏமாற்றும். 'ஆஸ் எ ரூல்' என்றால் விதிப்படி என்று பொருளல்ல, 'வழக்கமாக' என்று பொருள். 'ப்ரொடியூஸ் யுவர் லைசென்ஸ்' என்று போக்குவரத்துக் காவலர் சொன்னால் உரிமத்தை எடுத்துக் காட்டுங்கள் என்கிறார். 'எக்ஸிக்யூட் தி அக்ரிமென்ட்' என்றால் முறைப்படி கையெழுத்திட்டு முடிப்பது. 'டிஸ்பென்ஸ் வித்' என்றால் விட்டுவிடுவது, இல்லாமல் நடத்துவது. 'ட்ரெஸ்பாஸர்ஸ் வில் பி ப்ராசிக்யூட்டட்' என்ற பலகையில் இருப்பது தண்டனை இல்லை, வழக்குத் தொடரப்படும் என்பதுதான், தண்டிப்பது நீதிமன்றம். 'ஸ்டிக் நோ பில்ஸ்' பலகையில் 'பில்' என்பது சுவரொட்டி.

'சேங்க்ஷன்' மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் எதிரெதிரான இரண்டு பொருள் அதற்கு உண்டு. லோன் சேங்க்ஷன் ஆனது என்றால் ஒப்புதல் கிடைத்தது. ஒரு நாட்டின் மீது 'சேங்க்ஷன்ஸ்' என்றால் தண்டனைத் தடைகள்.

'டீம்ட்' என்ற சொல் சென்னைக்காரர்களுக்குப் பல்கலைக்கழகப் பெயர்ப்பலகை வழியாகப் பழக்கம். 'டீம்ட் டு பி யுனிவர்சிட்டி', நிகர்நிலைப் பல்கலைக்கழகம்: பல்கலைக்கழகமாகவே கருதப்படும். ஆஃபர் லெட்டரிலும் அதே பொருள்தான். மூன்று நாள் சொல்லாமல் வராவிட்டால் வேலையை விட்டதாக 'ஷேல் பி டீம்ட்' என்று எழுதியிருந்தால், நீங்கள் ராஜினாமா எழுதிக் கொடுக்காமலே கொடுத்ததாகக் கணக்கில் வரும். இந்தச் சொல் எங்கே வந்தாலும் அடிக்கோடிடுங்கள்.

ஃபைன், ஃபீ, பெனால்டி மூன்றையும் பிரித்தறிய வேண்டும். சேவைக்குக் கட்டுவது 'ஃபீ', குற்றத்துக்குக் கட்டுவது 'ஃபைன்', 'பெனால்டி' இரண்டையும்விட அகலமானது. ஒப்பந்தத்தை மீறினால் கட்டும் தொகையும் அதில் அடங்கும். நீதிமன்றத்துக்குப் போகாமல் காவலரிடமே செலானுக்குப் பணம் கட்டி முடிப்பது 'காம்பவுண்டிங்'. வீட்டுக் காம்பவுண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கவுண்டரில் பேசும்போது

படித்தால் மட்டும் போதாது, கேட்கவும் தெரிய வேண்டும். 'கேன் ஐ?' என்று தொடங்கினால் போதும் என்றாலும், விதியைப் பற்றிய கேள்விக்கு 'ஆம் ஐ அலௌட் டு?' என்பது இன்னும் துல்லியம். முடியாது என்று சொல்லிவிட்டால் அங்கேயே வாதம் தொடங்காமல், 'குட் யூ ப்ளீஸ் டெல் மீ விச் ரூல் தட் கம்ஸ் அண்டர், சார்?' என்று கேளுங்கள். குரலில் சவால் இருக்கக் கூடாது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருக்க வேண்டும். அதன் பிறகு 'இஸ் தேர் எனி எக்ஸெப்ஷன் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்?' என்று விலக்கு உண்டா என்று கேட்கலாம். 'வாட் ஹாப்பன்ஸ் இஃப் ஐ மிஸ் தி டேட்?' என்ற கேள்வியைப் பலர் கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.

நீங்கள் மற்றவரிடம் விதியைச் சொல்லும்போது 'யூ கெனாட்' என்று ஆரம்பித்தால் விரலை நீட்டுவது போல இருக்கும். 'ஐம் அஃப்ரெய்ட் பார்க்கிங் இஸ் நாட் அலௌட் ஹியர்' என்று சொன்னால் விதி பேசுகிறது, நீங்கள் பேசவில்லை. 'அஃப்ரெய்ட்' இங்கே பயம் இல்லை, 'மன்னிக்கணும்' என்பதற்கு ஈடு. தெரியாமல் மீறிவிட்டால் 'ஐ வாஸ்ன்ட் அவேர் ஆஃப் த ரூல்' என்பது நேர்மையான பதில். 'ஐ டோன்ட் நோ' என்றால் அலட்சியம் போல் கேட்கும்.

உச்சரிப்பில் மூன்றே இடங்களைக் கவனித்தால் போதும். 'பெர்மிட்' பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில், வினையாக வரும்போது இரண்டாம் அசையில். 'ப்ரொஹிபிட்' என்பதில் 'ஹ' ஒலிக்கும், 'ப்ரோஇபிஷன்' என்ற பெயர்ச்சொல்லில் பெரும்பாலும் ஒலிக்காது. 'ரிசீட்' என்பதில் 'பி' எழுத்தில் மட்டும்தான், ஒலியில் இல்லை.

பணம் கட்டினாலோ, விலக்குத் தந்தாலோ, தேதியைத் தள்ளிவைத்தாலோ கிளம்புவதற்கு முன் 'குட் ஐ ஹாவ் தட் இன் ரைட்டிங், ப்ளீஸ்?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் அன்று மாலையே ஒரு மெயில் அனுப்புங்கள்: 'ஆஸ் டிஸ்கஸ்ட் டுடே' என்று தொடங்கி, அவர் சொன்னதைத் தேதியோடு இரண்டு வரியில் எழுதினால் போதும். 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று எழுதாதீர்கள், 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும்.